செந்நாய் கிழித்த மானும் நாற்பது நாள் கோழியும்

கேள்வி, சுருக்கமாக: “செந்நாய்க் கூட்டம் ஒரு புள்ளிமானைக் கீழே தள்ளி, அது கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றைக் கிழித்துத் தின்னும் காணொளியைப் பார்த்தேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பண்ணையில் வளரும் ஆட்டுக்கும் கோழிக்கும் வேளைக்குத் தீவனம், தண்ணீர், தடுப்பூசி, கடைசியில் ஒரு நொடியில் சாவு. காட்டோடு ஒப்பிட்டால் பண்ணைதானே கருணையானது? பிறகு ஏன் பண்ணை வளர்ப்பைக் கொடுமை என்கிறார்கள்?”

நான் கால்நடை மருத்துவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி கொங்குப் பகுதியில் கழிந்தது. நடுவில் சில ஆண்டுகள் முதுமலைக் காட்டை ஒட்டிய ஓர் ஊரில் இருந்தேன். காட்டுச் சாவு, கொட்டகைச் சாவு இரண்டையும் கிட்டத்தில் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். உங்கள் கேள்வி எளிமையாகத் தெரிந்தாலும் உள்ளே பல கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அதனால் பதில் நீளும்.

முதலில், நீங்கள் பார்த்தது உண்மை. புலி தொண்டையைக் கவ்வினால் மான் சில நிமிடங்களில் மூச்சடைத்துச் சாகும். செந்நாய் அப்படிக் கொல்லக்கூடிய மிருகம் இல்லை. பதினைந்து கிலோ சுமாருக்கு இருக்கும் உடம்பு, தன்னைவிட மூன்று நான்கு மடங்கு பெரிய மானை ஒரே கடியில் சாய்க்க முடியாது. பலவாகச் சேர்ந்து தொடையிலும் வயிற்றிலும் கடித்து இழுக்கும். ரத்தம் வடிந்தும் அதிர்ச்சியிலும்தான் மான் சாகிறது. அது சாகும்வரை அவை காத்திருப்பதில்லை.

இதுகூடக் காட்டின் துயரத்தில் சின்னப் பங்குதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண்மான் தன் வாழ்நாளில் ஆறேழு குட்டி போடுகிறது என்று வையுங்கள். காட்டில் மான்களின் எண்ணிக்கை ஏறாமலும் இறங்காமலும் இருக்கிறதென்றால், அந்த ஆறேழில் சராசரியாக இரண்டுதான் வளர்ந்து தன் பங்குக்குக் குட்டி போடும்வரை பிழைக்கின்றன. மீதி அதற்குள் செத்துவிடுகின்றன: சிறுத்தை, மலைப்பாம்பு, கழிச்சல், வறட்சி, தாயைத் தவறவிட்டது என்று ஏதோ ஒன்று. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் தவளைக்கும் மீனுக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் மனசு தாங்காது. காட்டில் பிறக்கும் பெரும்பாலான உயிர்களுக்கு வாழ்க்கை என்று சொல்லிக்கொள்ள சில நாட்களே கிடைக்கின்றன. மாலை வெயிலில் மேயும் மான் கூட்டத்தைச் சாலையோரம் நிறுத்திப் படம் எடுக்கிறோமே, அது தப்பிப் பிழைத்தவற்றின் கூட்டம். பிழைக்காதவற்றை யாரும் படம் எடுப்பதில்லை.

வேட்டை மிருகமே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் கண்கண்ட உதாரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா என்றொரு தீவுக்கூட்டம். அதிலுள்ள ஹிர்ட்டா தீவிலிருந்து மக்கள் 1930இல் மொத்தமாக வெளியேறிவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பக்கத்துத் தீவான சோயேயிலிருந்து 107 செம்மறி ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றுமுதல் அவற்றுக்கு மேய்ப்பனும் இல்லை, ஓநாயும் இல்லை. விஞ்ஞானிகள் 1985 முதல் தொடர்ச்சியாக அவற்றைக் கவனித்து வருகிறார்கள். நல்ல ஆண்டுகளில் ஆடுகள் பெருகும். புல் போதாத ஏதோ ஒரு குளிர்காலத்தில் பாதிக்கு மேல் செத்து விழும். அறுத்துப் பார்த்தால் காரணம் எந்தக் கால்நடை மருந்தகத்திலும் தினம் பார்ப்பதுதான்: பட்டினி, அதோடு குடற்புழு. புழுநீக்க மருந்து கொடுத்துச் சோதித்த ஆடுகள் மற்றவற்றைவிட அதிகம் பிழைத்தன. நம் ஊர்ப் பட்டியில் சில ரூபாய் மருந்தை வாயில் ஊற்றித் தடுத்துவிடும் சாவு அது. புலியைப் பார்த்தேயிராத ஆடுகளுக்கும் காடு இவ்வளவு கடுமையாக இருக்கிறது.

ஆகவே காட்டை ஒரு சொர்க்கமாகவும் பண்ணையை அதிலிருந்து விழுந்த நரகமாகவும் வரைபவர்களோடு நான் இல்லை. இந்த இடம்வரை உங்களோடுதான் வருகிறேன்.

நீங்கள் “பண்ணை” என்று ஒரே சொல்லில் கடந்துபோன இடத்தில்தான் என் வழி பிரிகிறது. எந்தப் பண்ணை? உங்கள் மனதில் இருப்பது வீட்டுப் பின்புறத்தில் கட்டிய வெள்ளாடாக இருக்கலாம். உங்கள் தட்டுக்கு வரும் இறைச்சியில் பெரும்பங்கு பல்லடம், உடுமலைப் பக்கத்து நீளக் கொட்டகைகளில் வளரும் கறிக்கோழி. அதன் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விவகாரமும் அந்த உடம்பில்தான் இருக்கிறது.

கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. 1957ஆம் ஆண்டு ரகம், 1978ஆம் ஆண்டு ரகம், 2005ஆம் ஆண்டு ரகம் என்று மூன்று கறிக்கோழி வம்சங்களை ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்தார்கள். 56ஆம் நாள் எடை போட்டபோது முதல் ரகம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தீவனத்தில் ஏதோ ஊசியும் ஹார்மோனும் கலக்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தேவையே இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைசேர்த்ததிலேயே இவ்வளவும் வந்துவிட்டது. நெஞ்சுச் சதை இந்த வேகத்தில் ஏறும்போது எலும்பும் இதயமும் நுரையீரலும் கூடவே ஓடிவர முடிவதில்லை.

கொட்டகைக்குள் போய்ப் பார்த்தால் இது எப்படித் தெரியும் என்றால், முப்பது நாள் தாண்டிய கோழிகள் நடப்பதைக் குறைத்துவிடும். நாலு எட்டு வைத்து உட்கார்ந்துவிடும். சில, சிறகைத் தரையில் ஊன்றி நகரும். நன்றாக இருந்த கோழி ஒன்று திடீரென்று துள்ளி மல்லாக்க விழுந்து சாகும், இதயம் நின்றுபோய். சிலவற்றுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். பிரிட்டனில் 51,000 கோழிகளை நடக்கவிட்டுப் பார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. சராசரி 40 நாள் வயதில் 27.6 சதவீதக் கோழிகளுக்கு நடை கெட்டிருந்தது, 3.3 சதவீதம் ஏறக்குறைய நடக்கவே முடியாத நிலை. அது வலிதானா, இல்லை வெறும் உடல் பாரமா என்று கேட்கலாம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அதையும் கேட்டார்கள். நொண்டும் கோழிக்கும் நொண்டாத கோழிக்கும் முன்னால் இரண்டு தீவனம் வைத்தார்கள், ஒன்றில் வலிநிவாரணி கலந்தது. நொண்டும் கோழிகள் மருந்து கலந்த தீவனத்தைக் கூடுதலாகத் தின்றன. நொண்டல் அதிகமாக ஆக, அந்தத் தீவனத்தைத் தின்பதும் அதிகமானது. வாய்ப்புக் கிடைத்தபோது அந்தக் கோழி தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் கோழியை முன்புபோல என்னால் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் எனக்கு மறக்காது. இரண்டு கிலோ ஏறிய கோழி கூவாது, கொக்கரிக்காது. ‘கீச் கீச்’ என்று குஞ்சுக் குரலில்தான் கத்தும். அது குஞ்சுதான். ஆறேழு ஆண்டு வாழக்கூடிய பறவை, பிறந்து ஆறு வாரத்தில் லாரி ஏறுகிறது.

அந்த “ஒரு நொடிச் சாவு” பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி லிஃப்டிங்குக்கு ஆள் வருவார்கள். கைக்கு நாலைந்து கோழியாக, கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பெட்டியில் போடுவார்கள். வேகமாக முடித்தால்தான் அவர்களுக்குக் கூலி கட்டும். அந்தச் சில மணி நேரத்தில் எலும்பு முறிவதும் மூட்டு நழுவுவதும் சாதாரணம். பிறகு லாரி, பிறகு கடைக் கூண்டு, முன்னால் போன கோழியின் கழுத்தை அறுப்பதைப் பார்த்தபடி ஒரு பகல். முடிவில் கழுத்தில் ஒரு கீறல், டிரம்முக்குள் வீச்சு, உள்ளே அடித்துக்கொள்ளும் சத்தம் அடங்கும்வரை கடைக்காரர் அடுத்தவருக்கு எடை போடுவார். நம் நாட்டு அறுவைக்கூட விதிகள் 2001ஆம் ஆண்டிலேயே ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. தெருமுனைக் கடை அந்த விதி எட்டாத தூரத்தில் இருக்கிறது.

முட்டைக்கோழியின் கதை வேறு. அதற்கு நாற்பது நாள் இல்லை, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. காட்டுக்கோழி ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஈடு, ஈட்டுக்கு ஐந்தாறு முட்டை. இது முந்நூறுக்கு மேல் இடும். ஓட்டுக்கான சுண்ணாம்பில் ஒரு பங்கை எலும்பிலிருந்து உருவித்தான் கொடுக்க வேண்டும், அதனால் நெஞ்செலும்பு விரிசல் விடுவது வயதான கூண்டுக்கோழிகளில் மிகச் சாதாரணம். கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைப்பது ஒரு ஏ4 தாளைவிடக் குறைந்த இடம். மண்ணில் புரண்டு குளிக்க முடியாது, இறக்கையை விரிக்க முடியாது, முட்டையிட மறைவிடம் தேட முடியாது. நாட்டுக்கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும், முட்டை வரும் நேரத்தில் அது எப்படி ஒரு மூலையைத் தேடி வீடு முழுக்கச் சுற்றும் என்று. கூண்டுக்கோழிக்கும் அதே தவிப்பு தினமும் வருகிறது; தேடிப் போக ஒரு மூலைதான் இல்லை. அதோடு, அந்த வம்சத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, சதையும் போடாது. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 700 கோடி சேவல் குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்படுவதாகக் கணக்கிடுகிறார்கள். ஜெர்மனி 2022இல் அதைத் தடை செய்தது.

இப்போது இதே கோழியின் காட்டு உறவைப் பாருங்கள். முதுமலையில் விடியற்காலம் சாம்பல் காட்டுக்கோழி கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். மூங்கில் புதரடியில் சருகைக் கிளறிக் கறையான் தின்னும். வெயில் ஏறினால் புழுதியில் குளிக்கும். இருட்டினால் மரம் ஏறும். மேலே பருந்தின் நிழல் ஓடினால் பதுங்கும், நிழல் போனதும் மறுபடி கிளற ஆரம்பிக்கும். பயம் வருகிறது, போகிறது. பசி வருகிறது, தேடிப் போகிறது. அதன் உடம்புக்கு என்னென்ன தெரியுமோ அதையெல்லாம் செய்ய அந்த இடம் விடுகிறது. கடைசி நாள் காட்டுப்பூனை வாயில் முடியலாம். அந்தச் சாவு கொடியது. ஆனால் அதற்கு முன்னால் நாட்கள் இருந்தன.

நீங்கள் சாவை மட்டும் எடுத்து ஒப்பிட்டீர்கள். காணொளியில் அதுதான் இருக்கும், ஏனென்றால் அது சில நிமிடங்களில் அடங்கிவிடும். கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் கோழியின் பதினைந்து நாளை யாரும் காணொளி எடுக்கமாட்டார்கள்; எடுத்தாலும் அதில் எதுவும் நடக்காது.

உங்கள் பக்கத்தில் நின்று யோசித்தால் ஒரு பலமான மறுப்பு உண்டு. “நீங்கள் வளர்ந்த காட்டுக்கோழியைக் காட்டுகிறீர்கள். பொரித்த வாரத்திலேயே செத்த அதன் உடன்பிறப்புகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், கொட்டகைக் குஞ்சுதானே தேவலை? அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்று ஐந்து நாற்பது நாளாவது பிழைக்கிறதே?” நேர்மையான மறுப்பு. இதற்குச் சுலபமான பதில் என்னிடம் கிடையாது. வலியை மட்டும் கூட்டிக் கழித்தால் காட்டின் கணக்கு மோசமாகவே வரக்கூடும் என்று நானும் அஞ்சுகிறேன்.

ஆனால் அந்தக் கணக்கு என்ன முடிவெடுக்க உதவும்? எந்தக் கொட்டகையும் ஒரு காட்டுக்கோழிக் குஞ்சைப் பூனையிடமிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்து வளர்க்கவில்லை. பட்டியில் அடைத்த ஆடு காட்டில் செத்திருக்க வேண்டிய ஆடு இல்லை. இவை நாம் உண்டாக்கியவை. காட்டிலுள்ளவை காட்டில் இருந்தபடியே செத்துக்கொண்டிருக்க, அதற்கு மேலே இதைக் கூட்டியிருக்கிறோம். எவ்வளவு கூட்டியிருக்கிறோம் என்பதற்கு 2018இல் ஒரு மதிப்பீடு வந்தது. பூமியிலுள்ள பாலூட்டிகளின் மொத்த எடையில் கால்நடைகள் சுமார் 60 சதவீதம், மனிதர் 36, காட்டு விலங்குகள் வெறும் 4. பறவைகளிலும் பண்ணைக்கோழி இனங்களின் எடை காட்டுப் பறவைகள் எல்லாவற்றையும்விடச் சுமார் இரண்டரை மடங்கு. ஆகவே நம் முன்னால் உள்ள தேர்வு, இந்தக் கோழி காட்டில் வாழட்டுமா கொட்டகையில் வாழட்டுமா என்பதில்லை. இப்படியொரு உடம்போடு ஒரு கோழியை நாம் பிறப்பிக்கலாமா, கூடாதா என்பதே. “பிறக்காமல் போவதற்கு இது மேல்” என்று சிலர் சொல்வார்கள். பிறக்காத கோழிக்கு இழப்பு என்று ஒன்று கிடையாது. அதற்காக வருந்தி யாரும் கோழி வளர்ப்பதும் இல்லை.

இன்னும் முக்கியமான ஒன்றைச் சொல்ல ஒரு சம்பவம் தேவைப்படுகிறது. கடந்த சில ஆண்டுகளாகக் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் ராத்திரியில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது பெரிய பிரச்சினையாகி, விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து இழப்பீடு கேட்கும் அளவுக்குப் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படியொரு விடியலில் என்னைக் கூப்பிட்டார்கள். போனபோது பத்துப் பதினைந்து செம்மறிகள் கிடந்தன. நீங்கள் காணொளியில் பார்த்த அதே சாவு: தொடை கிழிந்து, குடல் வெளியே வந்து, சிலதுக்கு இன்னும் உயிர் இருந்தது. தைக்க முடிந்ததைத் தைத்தேன். பட்டிக்காரர் வயதானவர், இழப்பு எத்தனை ஆயிரம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. “படலச் செரியாக் கட்டாம உட்டுட்டனுங்க டாக்டர். நான் பாத்துக் கட்டியிருந்தா உள்ள வந்திருக்காதுங்க,” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

காட்டில் இதைவிட மோசமாகச் சாகும் என்று அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது எவ்வளவு பொருந்தாத பேச்சு என்று உங்களுக்கே தோன்றும். அவர் அந்த ஆடுகளை வேலிக்குள் கொண்டுவந்த அன்றே, அவற்றுக்கு நடப்பது அவர் பொறுப்பாகிவிட்டது. ஓடித் தப்பிக்கும் வழியை அடைத்தவர் அவர். ஆகவே நாயைத் தடுக்க வேண்டியவரும் அவர். செந்நாய்க்கு வேறு வழி கிடையாது. அதன் பல்லும் வயிறும் அப்படி. மானை அங்கே நிறுத்தியவர் என்றும் யாரும் கிடையாது. கொட்டகையில் நடப்பதற்கோ ஆள் இருக்கிறது: எந்த ரகம் என்று முடிவு செய்தவர், சதுர அடிக்கு எத்தனை குஞ்சு என்று எழுதியவர், நாற்பதாம் நாள் என்று தேதி போட்டவர், கிலோ இருபது ரூபாய் குறைந்தால் வரிசையில் நிற்கும் நாம்.

வேலி போட்டால் பொறுப்பு வரும் என்பதை ஒரு நாடே சண்டை போட்டுத் தெரிந்துகொண்டது. நெதர்லாந்தில் கடலிலிருந்து மீட்ட நிலத்தில் ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்று சுமார் 5,600 ஹெக்டேரில் ஓர் இயற்கைக் காப்பகம் உண்டு. 1983இல் அங்கே ஹெக் இன மாடுகளை விட்டார்கள், அடுத்த ஆண்டு கோனிக் குதிரைகள், 1992இல் செம்மான்கள். தீவனம் வைப்பதில்லை, இயற்கை தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பது கொள்கை. ஆனால் சுற்றிலும் வேலி. உள்ளே ஓநாய் இல்லை. புல் தீர்ந்தால் வேறிடம் போக வழி இல்லை. 2017-18 குளிர்காலத் தொடக்கத்தில் 5,230 விலங்குகள் இருந்தன. முடிவதற்குள் 3,200க்கு மேல் செத்துப்போயின. அவற்றில் பத்துக்கு ஒன்பது, பட்டினியில் இனித் தேறாது என்று பார்த்துக் காவலர்களே சுட்டவை. எலும்பும் தோலுமான குதிரைகளைப் பார்த்த மக்கள் வேலிக்கு மேலே வைக்கோல் கட்டுகளை வீசினார்கள், காப்பக ஊழியர்களோடு மோதினார்கள். காப்பகத்தின் பக்கம், “இதுதான் இயற்கை, எல்லாக் காட்டிலும் நடப்பதுதான்” என்று விளக்கினார்கள். முடிவில் கொள்கை மாறியது. பெரிய மேய்ச்சல் விலங்குகளை 1,100 அளவுக்குக் குறைத்து வைப்பதென்று மாகாணம் தீர்மானித்தது.

இதில் நான் வைக்கோல் வீசியவர்கள் பக்கம். உயிரியலில் காப்பகத்தார் சொன்னது சரிதான், ஸ்காட்லாந்துத் தீவில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்த மாட்டைக் கொண்டுவந்து விட்டதும் வேலி போட்டதும் மனிதர். காட்டின் கடுமையை மட்டும் எடுத்துக்கொண்டு, காட்டில் இருக்கும் போக்கிடத்தை எடுத்துவிட்டார்கள். நம் கொட்டகை இதையே மறுபக்கமாகச் செய்கிறது. தீவனம் உண்டு, வேட்டை மிருகம் இல்லை, சரி. ஆனால் கோழி கோழியாக இருக்க வேண்டிய எல்லாவற்றையும் அதற்கு விலையாக வாங்கிக்கொள்கிறோம்.

“அப்படியானால் காட்டிலுள்ள துன்பத்தையும் போய்த் தீர்ப்பீர்களா?” என்று அடுத்துக் கேட்பார்கள். பெரும்பாலும் முடியாது, செந்நாயைத் தடுத்தால் செந்நாய்க் குட்டி பட்டினி கிடக்கும். முடிந்த ஓர் இடத்தை மட்டும் என் தொழிலின் பெருமையாகச் சொல்கிறேன். 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் மாட்டு வெக்கை நோய் புகுந்து காட்டெருமைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. நாட்டு மாட்டிலிருந்து காட்டுக்குப் போன நோய் அது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சுற்றுப்புற மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு, 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்ற காட்டு விலங்குகள் 1970களின் இறுதிக்குள் பதின்மூன்று லட்சமாயின. 2011இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பட்டியில் போட்ட ஊசி காட்டெருமையைக் காப்பாற்றியது. காட்டுக்கு நாம் தந்த நோயை நாமே திரும்ப எடுத்துக்கொண்டோம்.

இவ்வளவு சொல்வதால் வளர்ப்பே தப்பு என்ற முடிவுக்கு வந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். காட்டைவிட நல்ல வாழ்க்கையை வளர்ப்பு விலங்குக்குக் கொடுக்க முடியும் என்று நம்புகிறேன், கண்ணால் பார்த்தும் இருக்கிறேன். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்று இருக்கிறது. மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் நிழலுக்கு வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடும் மேச்சேரிச் செம்மறியும் பகல் முழுக்க அதில் தானாக மேயும், படுக்கும், முட்டிக்கொள்ளும், வெயிலேறினால் வெள்வேல நிழலில் கூடி அசை போடும். ஒரு காடு தின்று தீர்ந்தால் அடுத்ததற்கு மாற்றுவார்கள். தொட்டியில் தண்ணீர் உண்டு. ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி உண்டு, புழுவுக்கு மருந்து உண்டு. ஹிர்ட்டா தீவின் பட்டினிச் சாவும் இல்லை, முதுமலையின் செந்நாயும் இல்லை. கடைசியில் கிடா சந்தைக்குப் போகிறது, அறுபடுகிறது; அதை மறைக்கவில்லை. ஆனால் அதுவரை அது ஆடாக இருந்தது. ஒரு புள்ளிமானாகப் பிறப்பதா, கொறங்காட்டுச் செம்மறியாகப் பிறப்பதா என்று கேட்டால் நான் செம்மறியைத்தான் சொல்வேன். சாம்பல் காட்டுக்கோழியா, கறிக்கோழியா என்றால் ஒரு கணமும் யோசிக்காமல் காட்டுக்கோழி.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், கொறங்காட்டில் மனிதன் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறான். அந்த நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினால் வேறு வருமானம் பார்க்கலாம். அந்தச் செம்மறி நாற்பது நாளில் விற்காது. காங்கேயம் மாடு கறக்கும் பால் கலப்பினத்தின் பக்கத்தில்கூட வராது. அந்த நஷ்டத்தில்தான் விலங்கின் நல்வாழ்வு நிற்கிறது. (பால் குடிப்பவர்கள் தங்களை இந்த விவாதத்துக்கு வெளியே வைத்துக்கொள்கிறார்கள். ஏருக்கும் வண்டிக்கும் தேவை போனபின் பால்மாட்டின் காளைக்கன்று என்ன ஆகிறது என்று ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். பால் கொடுக்காமல் மெலியவிட்டுச் சாகும் கன்றுகளை நான் பார்த்திருக்கிறேன். முட்டைப்பண்ணையின் சேவல் குஞ்சுக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.)

குற்றத்தைப் பண்ணைக்காரர் தலையில் கட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணையாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி இறக்குகிறது. கொட்டகை, கரண்ட், உழைப்பு இவருடையது. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வளர்ப்புக் கூலி. ரகத்தை மாற்று, மெதுவாக வளர்ப்பதைப் போடு என்று அவர் சொல்ல முடியாது. அதேபோல, நம் சத்துணவுக் கூடங்களில் பிள்ளைகளுக்கு நாள்தோறும் முட்டை போட முடிகிறதென்றால் அது நாமக்கல் கூண்டுகளின் மலிவால்தான். அந்த முட்டையைச் சாப்பிட்டு எழுந்த தலைமுறையின் முன்னால் நின்று “கூண்டை நாளைக்கே உடை” என்று என்னால் சொல்ல முடியாது. படிப்படியாக மாற்றலாம், மாற்ற வேண்டும் என்று சொல்ல முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் சட்டம் போட்டு, பன்னிரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து, 2012 முதல் பழைய வெறுங்கூண்டை நிறுத்தியது. நம் சட்ட ஆணையமும் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்புக்கு வரைவு விதிகளே எழுதிக் கொடுத்திருக்கிறது. வேலை தொடங்க வேண்டிய இடம் தெரியாமல் இல்லை.

கேள்வியின் கடைசியில் “நாட்டுக்கோழி வாங்கினால் போதுமா?” என்றும் கேட்டிருந்தீர்கள். பெயரை நம்பாதீர்கள். நாட்டுக்கோழி என்று விற்பதில் ஒரு பங்கு, கொட்டகையில் நெருக்கி வளர்த்த கலப்பினம். எத்தனை நாள் கோழி என்று கேளுங்கள். வெளியே மேய்ந்த சிறுவிடைக் கோழி கறிக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். கூண்டில் இருக்கும்போதே பாருங்கள், எழுந்து நிற்கிறதா, நின்றால் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று. கடைக்காரர் காலைப் பிடித்து எடுக்கும்போது, கணுவின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே தோல் கறுத்துத் தீய்ந்ததுபோல் இருந்தால், அது ஈரக் கூளத்தின் மேல் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே கிடந்த கோழி.